எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ வெளிநாட்டுப் பயணம்: எந்த வகை யாருக்கு?

வேலையில் இருந்துகொண்டே படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ வகுப்பில் வெளிநாட்டுப் பயணத்துக்கான விருப்பப் படிவம் வந்து சேர்ந்ததும் முதலில் நடப்பது ஊர்ப் பேச்சுதான். டோக்கியோவா, பெர்லினா, நைரோபியா என்று வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு நடக்கும். ஒருவர் அது ஏற்கெனவே போய் வந்த ஊர் என்று சலித்துக்கொள்வார். இன்னொருவர் குடும்பத்தையும் அழைத்து வரலாமா என்று கேட்பார். படிவத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வேறொரு விவரம் இருக்கும்: இது நிறுவனங்களைச் சுற்றிப் பார்க்கும் வாரமா, ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுக்கும் புராஜெக்டா, வேறொரு கல்லூரி வகுப்பில் போய் உட்காரும் வாரமா என்று. அதைப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் முடிவெடுக்க வேண்டியதே அந்த வரியை வைத்துத்தான்.

வேலையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துவிட்டு மறுபடி வகுப்புக்கு வருபவர்களுக்கு வெளிநாடு அப்படியொன்றும் புதிதில்லை. பலர் அலுவலக வேலையாகவே சில நாடுகளுக்குப் போய் வந்திருப்பார்கள். தினமும் வேறொரு கண்டத்தில் இருக்கும் சக ஊழியர்களோடு வீடியோவில் பேசுபவர்களும் உண்டு. இருபத்து மூன்று வயது மாணவரை அசத்திவிடுகிற ஒரு வாரம், நாற்பது வயது மேலாளருக்கு எதைத் தரும்? லீவு குறைவு, வீட்டில் பொறுப்பு அதிகம், திரும்பி வந்தால் மின்னஞ்சல் குவிந்து கிடக்கும். அதனால் இந்தப் பயணங்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். நீங்கள் வருவதால் அங்கே இருக்கும் யாருக்காவது ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்கிறதா? இல்லை என்றால் நீங்கள் பார்வையாளர். பார்வையாளராகப் போவதில் தவறில்லை. அது தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

பேருந்தில் ஒரு வாரம்

மிகப் பரவலான வகை குழுப் பயணம். ஒரு பேராசிரியர், கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர், உள்ளூர் ஏற்பாடுகளைக் கவனிக்கும் பயண நிறுவனத்தின் ஆள், முப்பது நாற்பது மாணவர்கள், ஒரு பேருந்து. போவதற்கு முன் இரண்டு மூன்று வகுப்புகள், கொஞ்சம் வாசிப்பு. போன இடத்தில் நாளொன்றுக்கு இரண்டு நிறுவனங்கள், நடுவில் ஒரு அரசு அலுவலகமோ வர்த்தக சபையோ, ஒரு மாலை அந்த ஊரில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்களோடு சந்திப்பு. திரும்பி வந்து ஒரு கட்டுரை. பட்டத்துக்கான கிரெடிட் கிடைத்துவிடும்.

இதன் பலவீனம் யாருக்கும் தெரியாததில்லை. நிறுவனத்துக்குள் போனதும் வரவேற்பது பெரும்பாலும் மக்கள் தொடர்புத் துறை. ஸ்லைடுகள் நன்றாக இருக்கும், ஆனால் அவற்றில் பாதி அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருப்பவை. கேள்வி நேரத்தில் பாதியை, கேள்வி என்ற பெயரில் தன் அனுபவத்தைச் சொல்லும் ஒருவர் எடுத்துக்கொள்வார். (எல்லா பேட்சிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.) அப்புறம் குழுப் படம், நினைவுப் பரிசு, மறுபடி பேருந்து.

ஆனாலும் இந்த வகையை ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற இடங்களுக்குக் கூட்டிப் போனால் இது மதிப்புள்ளது. டொயோட்டாவின் உற்பத்தி முறையைப் பற்றி வகுப்பில் படிக்காதவர் இருக்க மாட்டார். பக்கத்தில் தொங்கும் கயிற்றைத் தொழிலாளி இழுத்தால் உற்பத்தி லைன் நின்றுவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நேரில் நின்று பார்த்தால் வேறு தெரியும். கயிற்றை இழுத்ததும் விளக்கு எரிகிறது, குழுத் தலைவர் அங்கே வருகிறார், அந்தப் பணியிடத்தின் எல்லைக்குள் சிக்கல் தீர்ந்துவிட்டால் லைன் நிற்பதே இல்லை. தீராவிட்டால்தான் நிற்கும். அதாவது அந்தக் கயிறு உதவிக்கு ஆள் கூப்பிடும் ஏற்பாடு. கூப்பிட்டால் ஆள் வர வேண்டும், அதற்கு ஒவ்வொரு சிறு குழுவுக்கும் கைவேலையில் கட்டுண்டு கிடக்காத ஒரு தலைவர் வேண்டும். கயிற்றை மட்டும் தங்கள் தொழிற்சாலையில் மாட்டிவிட்டு, வருவதற்கு ஆளை வைக்காத நிறுவனங்கள் ஏன் தோற்கின்றன என்பது அங்கே சில நிமிடங்களில் புரியும். புத்தகத்தில் இதற்குப் பல பக்கங்கள் ஆகும்.

ஷென்சென் நகரின் ஹுவாசியாங்பெய் மின்னணுச் சந்தையும் அப்படித்தான். மாடி மாடியாக உதிரிபாகக் கடைகள். ஒரு முன்மாதிரிக் கருவிக்கு வேண்டிய பாகங்களை அங்கே நடந்தே சேகரித்துவிடலாம் என்பதைப் பார்த்தவருக்கு, வன்பொருள் நிறுவனங்கள் ஏன் அந்த ஊரை விட்டு எளிதில் நகர்வதில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கென்யாவில், கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவையைப் படிக்கப் போனால் தலைமையகத்தைவிட முகவரின் சிறு கடைதான் பாடம். 2007இல் தொடங்கிய அந்தச் சேவை ஓடுவதே முகவர் கையில் ரொக்கமும் கணக்கில் மின்பணமும் இரண்டும் தீராமல் இருப்பதில்தான். பணம் எடுக்க வருபவர்கள் அதிகமானால் ரொக்கம் காலி, போட வருபவர்கள் அதிகமானால் மின்பணம் காலி. முகவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கடைவாசலில் நின்று பார்க்கலாம்.

மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனால் என்ன பார்ப்பீர்கள்? நாற்காலிகளும் காபி இயந்திரமும்தான். அங்கே நடக்கும் வேலை திரைக்குள் நடக்கிறது. சிலிக்கான் பள்ளத்தாக்குப் பயணங்கள் பலருக்கு ஏமாற்றமாக முடிவதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். அங்கே போய்ப் பயன்பட வேண்டும் என்றால் கட்டடங்களை விட்டுவிட்டு ஆள்களைச் சந்திக்க வேண்டும், அதற்கு முப்பது பேர் ஒரு பேருந்தில் போவது உதவாது.

இன்னொன்று, குழுப் பயணத்தின் தரம் நிறுவனத்தைவிடக் கேள்வியைப் பொறுத்தது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் மோண்ட்ராகன் கூட்டுறவுக் குழுமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் தொடங்கியது, தொழிலாளர்களே உரிமையாளர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு, மேல்மட்டச் சம்பளத்துக்கும் கீழ்மட்டச் சம்பளத்துக்கும் இடையில் எத்தனை மடங்கு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மேலாண்மைக் கல்லூரிகளின் குழுக்கள் அங்கே போவது வழக்கம். தயாரிப்பில்லாமல் போகிறவர் அழகான கதை ஒன்றைக் கேட்டுவிட்டு வருவார். தயாரிப்போடு போகிறவர் இரண்டு விஷயம் கேட்பார். 2013இல் குழுமத்தின் அடையாளமாக இருந்த ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் திவாலானபோது, மற்ற கூட்டுறவுகள் எதுவரை கைகொடுத்தன, எங்கே நிறுத்திக்கொண்டன, ஏன்? 2022 இறுதியில் உல்மா, ஓரோனா என்ற இரண்டு பெரிய கூட்டுறவுகளின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுக் குழுமத்தை விட்டு விலகியது எதனால்? நன்றாக ஓடும் உறுப்பு, நொடிந்த உறுப்பை எத்தனை காலம் சுமக்கும் என்பது எந்தப் பெருநிறுவனத்துக்கும் பொருந்தும் கேள்வி. அதைக் கேட்கும் அளவுக்கு உங்களைப் பேராசிரியர் முன்கூட்டியே தயார் செய்வாரா என்பதை வைத்துத்தான் குழுப் பயணத்தை எடை போட வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரி அலுவலகத்திடம் போன ஆண்டின் முழுப் பயண நிரலை வாங்குங்கள், விளம்பரக் கையேடு வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்கு நிறுவனங்கள் இருந்தால் நாளில் பெரும்பகுதி பேருந்தில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தித்தவர்களின் பதவிகளைப் பாருங்கள். ஆலை மேலாளர், கொள்முதல் தலைவர், தொழிற்சங்கப் பிரதிநிதி என்றிருந்தால் நல்லது. தகவல் தொடர்பு இயக்குநர் என்று வரிசையாக இருந்தால் யோசியுங்கள். பேராசிரியர் அந்த நாட்டில் ஆய்வு செய்தவரா, அல்லது அந்த வாரம் கையில் வேலை இல்லாதவரா என்பதும் கேட்க வேண்டியதுதான், கொஞ்சம் நாசூக்காக.

ஒரு நிறுவனத்தின் கேள்வியோடு போவது

இரண்டாவது வகையில் நீங்கள் போவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழு, வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாளர் நிறுவனம், அது கொடுத்த ஒரு கேள்வி. இரண்டு மூன்று மாதம் வாரந்தோறும் தொலைவிலிருந்து பேசி, தரவு வாங்கி, அலசி, கடைசியில் ஒரு வாரம் நேரில் போய்ச் சரிபார்த்து, அவர்கள் முன்னால் அறிக்கையை வைக்க வேண்டும். இந்த முறை புதிதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் கல்லூரி 1992 முதலே முதலாண்டு எம்பிஏ மாணவர்களை இப்படி நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. எம்ஐடி ஸ்லோன் 2000இல் தொடங்கிய ஜி-லேப் வெளிநாட்டுத் தொழில்முனைவு நிறுவனங்களுக்கானது, அங்கே எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவுக்கென்று கோ-லேப் என்று தனியாக ஒன்றும் உண்டு. ஹார்வர்டு 2012இல் தன் முதலாண்டு மாணவர்கள் எல்லாரையும் இப்படி வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது.

மேலே கேட்ட கேள்விக்கு இந்த வகைதான் நேராகப் பதில் சொல்கிறது. அங்கே ஒருவருக்கு உங்களிடம் காரியம் இருக்கிறது. நீங்கள் சொல்வது தவறாக இருந்தால் அவர் முகத்தில் தெரியும். நடுத்தர அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி, அவர்களிடம் கொடுக்க உண்மையிலேயே சரக்கு இருக்கிறது. விநியோகச் சங்கிலியில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர் ஒரு கிடங்கைப் பார்த்ததும் சொல்லும் விஷயத்தை, நேராகப் பட்டப்படிப்பிலிருந்து வந்த மாணவரால் சொல்ல முடியாது. அதே நேரம், தன் நாட்டில் இயல்பாக நடக்கும் ஒன்று அங்கே ஏன் நடக்காது என்று அந்தக் கிடங்கு மேலாளர் விளக்கும்போது, பத்தாண்டாகக் கேள்வி கேட்காமல் நம்பிவந்த ஒன்று ஆட்டம் காணும். இந்தப் பரிமாற்றம் குழுப் பயணத்தின் இருபது நிமிடக் கேள்வி நேரத்தில் நடக்காது.

ஆனால் இது கெட்டுப்போகும் விதங்களும் அதிகம். வாடிக்கையாளர் நிறுவனம் பணம் கொடுக்காததால் அதற்கு அவசரம் இருக்காது, கேட்ட தரவு நீங்கள் விமானம் ஏறுகிற வாரத்தில்தான் வரும். புராஜெக்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் நடுவில் வேலை மாறிப் போய்விடுவார், புதிதாக வந்தவருக்கு இந்தக் கேள்வியில் ஆர்வம் இருக்காது. குழுவில் ஒருவருக்கு அலுவலகத்தில் காலாண்டு முடிவு வந்துவிடும், அவர் பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது அகலமான கேள்வி. ‘ஆசியாவில் எங்கள் வியூகம் என்னவாக இருக்க வேண்டும்’ என்று கேட்கும் நிறுவனத்துக்கு உண்மையில் உங்களிடம் எதுவும் வேண்டியதில்லை. ‘சிறு கடைகளுக்கு நேரடியாக விற்பதா, மொத்த வியாபாரி மூலமா, எங்களுடைய இந்த மூன்று பொருள்களுக்கு மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்கும் நிறுவனம் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கேள்வித் தாளைப் பார்க்காமல் இந்த வகையில் பெயர் கொடுக்காதீர்கள். கல்லூரி அதை முன்கூட்டியே காட்ட மறுத்தால், கேள்வி இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

வேலையில் இருப்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. உங்கள் முதலாளி நிறுவனமும் வாடிக்கையாளர் நிறுவனமும் போட்டியாளர்களாக இருக்கலாம். இன்று இல்லாவிட்டாலும் நாளை ஆகலாம். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. குழுப் பயணத்திலும் இது எட்டிப் பார்க்கும், போட்டி நிறுவன ஊழியர் என்றால் ஆலைக்குள் விட மாட்டோம் என்று கடைசி நேரத்தில் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அப்போது மற்றவர்கள் உள்ளே போவார்கள், நீங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பீர்கள். அலுவலக மடிக்கணினியைச் சில நாடுகளுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது, அதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கல்லூரியின் வகுப்பில்

மூன்றாவது வகை வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யேல் மேலாண்மைக் கல்லூரி முன்னின்று 2012இல் உருவாக்கிய குளோபல் நெட்வொர்க் ஃபார் அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் என்ற கூட்டமைப்பில், பல கண்டங்களைச் சேர்ந்த மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டில் சில வாரங்களில், உறுப்புக் கல்லூரிகள் மற்ற உறுப்புக் கல்லூரிகளின் மாணவர்களுக்காகக் கதவைத் திறக்கும். நீங்கள் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து ஐந்து நாள் போய் உட்காரலாம். காலையில் வகுப்பு, மதியம் ஒரு நிறுவனம். வார்ட்டன் கல்லூரி தன் மாணவர்களுக்கென்றே வெவ்வேறு நாடுகளில் நடத்தும் ஒரு வாரப் பாடங்களும் தோற்றத்தில் இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் அங்கே கூட இருப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் கல்லூரிக்காரர்களே.

வித்தியாசம் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறது. குழுப் பயணத்தில் நாள் முழுக்க நீங்கள் பேசுவது உங்கள் வகுப்புத் தோழர்களோடு. அவர்களோடுதான் ஊரிலும் பேசுகிறீர்கள். கூட்டமைப்பு வாரத்தில் ஒரே கேஸை, அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலை, விவாதிக்கும்போது, உங்களுக்கு வெளிப்படையாகத் தெரியும் தீர்வை இன்னொரு நாட்டு மேலாளர் சட்டப்படியே முடியாது என்று சொல்வார். ஆள்குறைப்பு, கடன் வசூல், குடும்ப நிறுவனத்தில் வாரிசு போன்ற தலைப்புகளில் இது சூடு பிடிக்கும். செலவும் குறைவு, உறுப்புக் கல்லூரிகளுக்கு இடையில் பெரும்பாலும் தனிக் கல்விக் கட்டணம் கிடையாது, பயணமும் தங்குமிடமும் நம்முடையது. குறைகள் என்றால், தலைப்புகள் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதால் சில சமயம் மேலோட்டமாகப் போகும். ஏற்பாடு எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும். தனியாகப் போய் அறிமுகமில்லாதவர்களோடு பேசத் தயங்குகிறவருக்கு இந்த வாரம் வீண்.

படிப்பே ஊர் மாறுவது

இது சேர்வதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு, பாதியில் எடுப்பது அல்ல. படிப்பு முழுவதும் பல நாடுகளில் நடக்கும் பாடத்திட்டங்கள். டியூக் பல்கலைக்கழகம் 1996இல் இப்படியொன்றைத் தொடங்கியது. கெல்லாக் கல்லூரியும் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1998இல் இன்னொன்றைத் தொடங்கின. நியூயார்க் ஸ்டெர்ன், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பாரிஸின் எச்இசி மூன்றும் நடத்தும் டிரியம் 2001இல் வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கான முதல் எம்பிஏவை 1943இல் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகம் வெளிநாட்டு வளாகம் ஒன்றை பார்சிலோனாவில் 1994இல் திறந்து, அதை லண்டனுக்கு மாற்றியது. சிங்கப்பூரில் திறந்ததைப் பின்னர் ஹாங்காங்குக்கு மாற்றியது. இன்சியாடு மேலாண்மைக் கல்லூரிக்கு பிரான்ஸின் ஃபான்டெய்ன்ப்ளோ, சிங்கப்பூர், அபுதாபி என்று வளாகங்கள்.

இங்கே பயணம் ஒரு முறை நடப்பதல்ல, ஒன்றரை ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பலன் ஊர்களிலிருந்து வருவதில்லை. வளாக வகுப்பறையும் ஹோட்டல் கருத்தரங்க அறையும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் நகரம் மட்டும் மாறும். பலன் வகுப்புத் தோழர்களிடமிருந்து. வெவ்வேறு நாடுகளில் வேலை செய்பவர்களோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வேலை செய்யும்போது ஒரு வாரத்தில் வராத நம்பிக்கை வருகிறது. விலையும் அதற்கேற்ப. கல்விக் கட்டணம் போக, விமானக் கட்டணம் தனி என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். மொத்த லீவு பல வாரங்களுக்குப் போகும். முதலாளி எழுத்தில் சம்மதிக்காமல் இதில் சேர்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முழுப் பருவத்துக்கும் மாணவர் பரிமாற்றத்தில் போவது வேலை மாறும் இடைவெளியில் இருப்பவர்களுக்கு மட்டும் சாத்தியம், மற்றவர்கள் யோசிக்கவே வேண்டாம். 2020இல் விமானங்கள் நின்றபோது பரவிய இணையவழி உலகப் புராஜெக்டுகள் இன்னும் சில இடங்களில் பயணத்துக்கு மாற்றாகக் கிடைக்கின்றன. பல நாட்டுக் குழுவோடு திரையில் வேலை செய்வதுதான் பாடம் என்றால், அதை உங்களில் பலர் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்துவருகிறீர்கள்.

சரி, நாடு?

வகையை முடிவு செய்த பிறகு நாடு வரட்டும். 2001இல் மேலாண்மைப் பேராசிரியர் பங்கஜ் கெமாவத் நாடுகளுக்கு இடையிலான தூரத்தை நான்காகப் பிரித்தார்: பண்பாடு, சட்டமும் நிர்வாகமும், நிலவியல், பொருளாதாரம். நிறுவனங்கள் சந்தை தேர்ந்தெடுக்கச் சொன்னது அது, பயணம் தேர்ந்தெடுக்கவும் உதவுகிறது. என் கருத்து கொஞ்சம் வழக்கத்துக்கு மாறானது. நான்கிலும் தொலைவில் இருக்கும் நாட்டுக்குப் போனால் எல்லாமே வித்தியாசமாக இருக்கும், எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. வியந்துவிட்டு வருவோம். ஒன்றிரண்டில் மட்டும் வேறுபடும் நாடுதான் கற்றுக்கொடுக்கிறது. மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவருக்கு, வருமானமும் மருத்துவத் தரமும் தன் நாட்டைப் போலவே இருந்து, பணம் கட்டும் முறை மட்டும் வேறாக இருக்கும் நாடு பயன்படும். ஊழியர் சம்பளத்திலிருந்தே மருத்துவச் சேமிப்பைப் பிடிக்கும் மெடிசேவ் முறையை 1984 முதல் நடத்தும் சிங்கப்பூர், பணக்கார நாட்டு மருத்துவமனைக்காரருக்கு அப்படியொரு இடம். அவரையே நைரோபிக்கு அனுப்பினால் நிறைய பார்ப்பார், ஆனால் திங்கள்கிழமை அலுவலகத்தில் எதை மாற்றுவது என்று தெரியாது. அங்கே போக வேண்டியவர் சில்லறை வங்கியிலோ தொலைத்தொடர்பிலோ இருப்பவர்.

இதற்கு ஒரு விலக்கு, நீங்கள் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் தூரக் கணக்கு எதுவும் வேண்டாம், நேராக அங்கே போங்கள். குழுப் பயணமாக இருந்தாலும் பரவாயில்லை.

என்னிடம் கேட்டால், போவதற்கு முந்தைய இரண்டு மாதம் வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் நல்ல கேள்வி உள்ள புராஜெக்டைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த நேரம் இல்லாதவர், அல்லது கல்லூரி காட்டிய கேள்விகள் எல்லாமே அகலமாக இருந்தால், கூட்டமைப்பு வாரத்துக்குப் போகட்டும். உற்பத்தி, தளவாடம், சில்லறை விற்பனை போன்று கண்ணுக்குத் தெரியும் வேலையில் இருப்பவருக்குக் குழுப் பயணம் மற்ற இரண்டுக்கும் ஈடாகலாம். நிதி, சட்டம், மென்பொருள் ஆள்களுக்கு அது அரிதாகவே ஈடாகும். குடும்பத் தொழிலை ஏற்கப் போகிறவருக்குக் கூட்டமைப்பு வாரமே மேல், ஏனென்றால் அவருடைய சிக்கல் எந்த ஆலையிலும் தெரியாது, அதே நிலையில் இருக்கும் இன்னொருவரின் வாயிலிருந்துதான் வரும்.

நேரம், விசா, பணம்

ஒரு வாரம் என்று போட்டிருந்தால் அது ஒரு வாரம் இல்லை. உடல் கடிகாரம் ஏறக்குறைய ஒரு நேர மண்டலத்துக்கு ஒரு நாள் வீதம் சரியாகும் என்பது பொதுக் கணக்கு, கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் மெதுவாக. எட்டு மண்டலம் தாண்டி ஐந்து நாள் பயணம் என்றால், மதிய நேர நிறுவனச் சந்திப்புகளில் பாதிப் பேர் கண்ணைத் திறந்து வைக்கவே போராடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பயணங்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் நேர மண்டலம் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் வார இறுதிக்கு முன்பே போய்ச் சேர்வதற்கு லீவு போட வேண்டும். புராஜெக்டில் நீங்கள் அறிக்கை வைக்கும் நாள் பொதுவாக வாரக் கடைசியில் வரும், அது ஒரு வசதி.

லீவுக் கணக்கில் இன்னொரு பங்கு மேலாளரோடு பேசுவது. ‘படிப்புக்காகப் போகிறேன்’ என்று கேட்பதைவிட, திரும்பி வந்து குழுவுக்கு என்ன கொண்டுவருவீர்கள் என்று எழுதிக் கேட்பது எடுபடும். குழுப் பயணத்துக்கு அப்படி எழுதுவது கஷ்டம், புராஜெக்டுக்குச் சுலபம். அந்தக் கடிதத்தை எழுதிப் பார்ப்பதே ஒரு சோதனை, எழுத வரவில்லை என்றால் வகை தவறு என்று சந்தேகப்படலாம்.

விசாவில் பயண வகைக்கு ஏற்ப விதிகள் மாறும். பிரிட்டனில் சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஆறு மாதம் வரை படிக்கலாம். அமெரிக்காவில் பார்வையாளர் விசாவில் பட்டத்துக்கான கிரெடிட் தரும் படிப்பைப் படிக்கக் கூடாது, அதற்கு மாணவர் விசா வேண்டும். ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது, அலுவலகப் பயணத்துக்கு அடிக்கடி அங்கே போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து செய்வது படிப்பா, பிசினஸ் சந்திப்பா, வேலையா என்பதை ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற மாதிரி பார்க்கும். எந்த விசா வகை என்பதைக் கல்லூரி எழுத்தில் சொல்லட்டும், வாட்ஸ்அப் குழுவில் கிடைக்கும் அறிவுரையை நம்பி விமானம் ஏற வேண்டாம். பயணம் இரண்டு நாடுகளைத் தொட்டுத் திரும்பி முதல் நாட்டுக்கே வருகிறது என்றால் பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணத்தில் ‘கட்டணத்தில் அடங்கும்’ என்ற சொற்களை நம்புவதற்கு முன் எது அடங்காது என்று கேளுங்கள். வழக்கமாகத் தங்குமிடமும் உள்ளூர்ப் போக்குவரத்தும் சில வேளை உணவும் அடங்கும். விமானம், விசா, காப்பீடு, தனி அறைக்கான கூடுதல் தொகை அடங்காது. நாற்பது வயதில் அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள எல்லாருக்கும் பிடிக்காது, அதனால் அந்தக் கூடுதல் தொகையையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

திரும்பக் கிடைக்காத முன்பணம் ஒன்று இருக்கும், அதற்குக் கடைசித் தேதியும் இருக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு வரை விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே சில ஊர்களில் வாரக்கணக்கில் தள்ளிப் போகிறது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் விசா வேண்டும் என்றால், முதலில் நேரம் பதிவு செய்ய முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் முன்பணம் கட்டுங்கள். முன்பணத் தேதி அதற்கு முன்பே வந்துவிட்டால், விசா மறுக்கப்பட்டால் தொகையை அடுத்த பருவத்துப் பயணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அலுவலகத்திடம் மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.